கோவில்பட்டியின் ஏழு மில்லிமீட்டர்: ஒரு நிழலில்லா நாளின் நிகழ்வு ஆய்வு

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, பகல் 12.20. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில் நாங்கள் நட்டு வைத்திருந்த ஒரு மீட்டர் குழாயின் நிழல் குழாயின் அடியிலேயே போய் ஒளிந்துகொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அதே நேரத்தில் கோவில்பட்டியில் எங்கள் வானியல் சங்கத்து ஆட்கள் மூன்று பேர் இதே மாதிரிக் குழாயின் நிழலை அளந்து போனில் சொன்னார்கள். அந்த அளவை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிப்பது திட்டம். கண்டுபிடிக்கவும் செய்தோம். ஒருவர் சொன்ன அளவுப்படி 78,000 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. இன்னொருவர் அளவுப்படி 29,000கூட வரவில்லை. உண்மையில் அது 40,000 கிலோமீட்டர்.

அந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன, ஆகஸ்ட் மாதம் அதை எப்படிச் சரி செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அன்று வந்திருந்த பெற்றோரிடம் கேட்டால் நிகழ்ச்சி அமோகம் என்பார்கள். எனக்கு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை.

சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம்

சின்னச் சங்கம். எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று, அதைத் தூக்கிப்போக ஒரு உறுப்பினரின் ஆம்னி வேன். மாதம் ஒருநாள் வளர்பிறை அஷ்டமியை ஒட்டிக் கூடுவோம். அஷ்டமியில் நல்ல காரியம் ஆகாது என்பார்கள். ஆனால் நிலாவின் பள்ளங்களைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது; பாதி நிலவின் ஓரத்தில் வெயில் சாய்வாக விழுந்து ஒவ்வொரு பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும்.

எங்கள் வானத்துக்கு வருஷத்தில் நாலைந்து மாதம்தான் ஆயுசு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் விழுந்தால் இங்கே மேகம். ஐப்பசி, கார்த்திகை வாடைமழைக்குப் போய்விடும். தை பிறந்த பிறகுதான் வானம் திறக்கும். அப்போது தெற்கே அகத்திய நட்சத்திரம் நல்ல உயரத்தில், அடிவானத்திலிருந்து 28 டிகிரிக்கு மேலேயே நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு அது தரையோடு ஒட்டித்தான் தெரியும். "பொதிகை மேற்கேல்லா இருக்கு, அகத்தியர் எப்படித் தெற்கே நிப்பாரு?" என்று ஒரு பெரியவர் சண்டைக்கு வந்தார். மறையும்போது தென்மேற்கே சாய்வார், பொறுங்கள் என்று சமாதானம் சொன்னோம். அதற்கு ஈடாகத் துருவ நட்சத்திரம் எங்களுக்கு ஏறக்குறைய 9 டிகிரி உயரத்தில், புழுதிக்குள் கிடக்கிறது. சங்கத்தில் பாதிப் பேர் அதைக் கண்ணால் கண்டதில்லை.

2010 ஜனவரி 15-ஆம் தேதி வளையச் சூரிய கிரகணம் எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. 2019 டிசம்பர் 26-இல் வந்த வளையம் கோவை, திண்டுக்கல் பக்கமாகப் போய்விட்டதால் எங்களுக்கு அரைகுறைப் பிறைதான் வாய்த்தது. 2025-இல் சனி கிரகமும் கைவிட்டுவிட்டது. மார்ச் 23 அன்று அதன் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியதால், அந்த வருஷம் முழுக்க ஒரு கோடு போலத்தான் தெரிந்தது. ஆகவே தொலைநோக்கியே வேண்டாத, மேகமும் அதிகம் வராத ஏப்ரலில் ஒரு நிகழ்ச்சி செய்யலாம் என்று முடிவானது.

நிழலில்லா நாள்

உச்சி வேளையில் நிழல் காலடியில் விழும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தினமும் அப்படி விழாது. திருநெல்வேலியில் டிசம்பர் 21 அன்று உச்சி வேளையில் ஒரு மீட்டர் கம்பத்துக்கு 63 சென்டிமீட்டர் நிழல் இருக்கும், வடக்குப் பக்கம். ஜூன் 21 அன்று 26 சென்டிமீட்டர், அதுவும் தெற்குப் பக்கம். வடக்கே விழுகிற நிழல் தெற்கே மாற வேண்டுமானால் நடுவில் எங்கோ ஒருநாள் பூஜ்ஜியமாகித்தானே ஆக வேண்டும்? சூரியன் போகும்போது ஒருநாள், திரும்பும்போது ஒருநாள். நெல்லைக்கு அது ஏப்ரல் 12-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியிலும் வருகிறது.

அந்த நாள் எல்லா ஊருக்கும் ஒன்றாக வராது. கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10, நமக்கு 12, கோவில்பட்டிக்கு 13, மதுரைக்கு 15, சென்னைக்கு 24. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் கோடு அந்தச் சமயத்தில் நாளொன்றுக்கு 41 கிலோமீட்டர் வீதம் வடக்கே ஏறுகிறது. சைக்கிளில் கூடவே போய்விடலாம். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிக்கு இந்த நாள் ஆயுசுக்கும் கிடையாது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

ஏப்ரல் 12

முந்தின நாள் பங்குனி உத்திரம். இந்தச் சீமையில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பாதி ஊர் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டுக் கண் சிவந்து திரும்பியிருந்தது. தேதியைச் சூரியன்தான் தீர்மானிக்கிறது என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை. போதாததற்கு ஒரு பாட்டி வாசலிலேயே மறித்துக்கொண்டார். "உச்சி உருமத்துல பிள்ளையள மைதானத்துல நிக்க வைக்கியளே, இது நல்லதுக்கா?" அவர் சொன்னதில் பேய் பிசாசுக் கணக்கு இருந்தாலும் வெயில் கணக்கும் இருந்தது. பந்தல் போட்டு, பதநீருக்குச் சொல்லி, நிழல் பார்க்கிற பத்து நிமிடம் மட்டும் பிள்ளைகளை வெளியே விடுவதாக ஒப்புக்கொண்ட பிறகே பேத்தியை விட்டார்.

அவர் பயந்ததற்கு வேறொரு நியாயம் இருந்ததையும் பிறகுதான் உணர்ந்தோம். நிழல் காலுக்குள் போனதும் பிள்ளைகள் இயல்பாகச் செய்வது அண்ணாந்து பார்ப்பது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று கிரகணத்துக்குத் தொண்டை வற்றச் சொல்கிறோம், இதற்குச் சொல்ல மறந்துவிட்டோம். ஆகஸ்டில் முதல் அறிவிப்பே அதுதான்.

12 மணிக்கு வந்து, 12.10-க்குள் "பாத்தாச்சு, போவோம்" என்று கிளம்பியவர்கள் கொஞ்சம் பேர். இந்திய நேரம் கணக்கிடப்படும் கோட்டுக்கு நாம் மேற்கே இருப்பதால் நமக்கு உச்சி வேளை 12.20-ஐ ஒட்டித்தான். அப்படியானால் அவர்கள் எதைப் பார்த்தார்கள்? ஒரு பையன் எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைத்திருந்தான். டம்ளர் வாய் அகலம், அடி குறுகல். கவிழ்த்தால் கீழே அகன்று மேலே ஒடுங்கும். சூரியன் உச்சிக்கு நாலு டிகிரி தள்ளி இருந்தாலும் அதன் நிழல் அடியைத் தாண்டி வெளியே வராது. அதனால் 12 மணி தாண்டியதுமே அவன் டம்ளருக்கு நிழல் போய்விட்டது! முந்தின நாளும் போயிருக்கும், மறுநாளும் போகும். நேராக நிற்கும் பொருளை மட்டுமே வைக்க வேண்டும் என்ற முதல் பாடத்தை அந்த டம்ளர் கற்பித்தது.

12.20-க்குக் குழாயின் நிழல் மறைந்தது. கைதட்டல், பதநீர், குழுப்படம். கோவில்பட்டியிலிருந்து போன் வந்தது.

அந்த இரண்டு எண்கள்

கணக்கு பழையது. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முன்பே எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்தது. தெற்கே சையீனில் நிழல் இல்லாத நாளில் வடக்கே அலெக்சாண்ட்ரியாவில் 7.2 டிகிரி நிழல். அது வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. நாங்கள் சையீனுக்குப் பதில் பாளையங்கோட்டையையும் அலெக்சாண்ட்ரியாவுக்குப் பதில் கோவில்பட்டியையும் வைத்தோம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தென்வடல் கோட்டில் இருக்கின்றன. நேர் வடக்காக 50 கிலோமீட்டர்.

கோவில்பட்டியில் ஒருவர் நிழல் 4 மில்லிமீட்டர் என்றார். இன்னொருவர் 11 மில்லிமீட்டர் என்றார். ஒரே குழாய், ஒரே ஸ்கேல். மூன்றாமவர் "ரெண்டும் சரி மாதிரிதான் தெரியுது அண்ணாச்சி" என்றார். அவர் சொன்னதுதான் இந்த ஆய்வின் சாரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது, எரிச்சல்தான் வந்தது.

அன்று அங்கே விழுந்திருக்க வேண்டிய நிழல் 7 மில்லிமீட்டர் என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் எந்த நிழலுக்கும் கூர்மையான விளிம்பு கிடையாது. கருமை மெல்ல மெல்லக் கரைந்து வெளிச்சமாகும். ஒரு மீட்டர் உயரக் குழாய்க்கு அந்தக் கரையும் பட்டையின் அகலம் மட்டும் 9 மில்லிமீட்டர். அதாவது நாங்கள் அளக்கப் போனது 7, அதன் மங்கல் 9. கருமையின் ஓரத்தை நிழல் முனை என்று எடுத்தால் ஒரு எண், வெளிறிய ஓரத்தை எடுத்தால் வேறு எண். அவரவர் கண்ணுக்குப் பட்டதை எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தது குழாய் நேராக நின்றதா என்பது. பார்வைக்கு நேராகத்தான் நின்றது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு டிகிரி சாய்ந்தால்கூட உச்சி 6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். அந்தச் சாய்வு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. நாங்கள் அளக்க நினைத்ததும் அதே 7 மில்லிமீட்டர்தான்.

மூன்றாவது நேரம். நிழல் நிமிடத்துக்கு 4 மில்லிமீட்டருக்கு மேல் கிழக்கே ஓடுகிறது. 11 என்று சொன்ன நண்பர் போனில் என்னிடம் பேசி முடித்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து அளந்திருந்தார். அதற்குள் நிழல் வடக்கே 7, கிழக்கே 9 என்று கோணலாகப் போயிருக்கும். அதன் நீளம் சரியாக 11. பாவம், அவர் அளவு தப்பில்லை. வடக்குத் திசை அளவை மட்டும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு மேல் எங்கள் பக்கமும் ஒரு பொய். பாளையங்கோட்டையில் நிழல் பூஜ்ஜியம் என்று வைத்துக்கொண்டோம். அது பூஜ்ஜியம் அல்ல, தெற்கே ஒரு மில்லிமீட்டர். எட்டில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று.

எரட்டோஸ்தனிஸுக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை, அவர் ஊரைத் தள்ளிப் பிடித்தார். 7.2 டிகிரிக்கு ஒரு மீட்டர் கம்பத்தின் நிழல் 126 மில்லிமீட்டர். அந்த அளவு நமக்கு வேண்டுமென்றால் கர்நூல் வரை போக வேண்டும். அதுவும் ஏறக்குறைய நம் தென்வடல் கோட்டில்தான் இருக்கிறது. சென்னை போதுமே என்றார் ஒரு உறுப்பினர். அங்கே அன்று 75 மில்லிமீட்டர் நிழல், மங்கல் பெரிதாக உறுத்தாது. உடனே அவரே ரயில் தூரம் 650 கிலோமீட்டர் என்று போட்டுப் பெருக்கி 54,000 என்றார். ரயில் வளைந்து நெளிந்து போகிறது, தண்டவாளத்துக்குப் பூமியின் வளைவைப் பற்றிக் கவலையில்லை. நேர் வடக்கு தூரம் 480 மட்டுமே. அதைப் போட்டால் 40,000-க்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆனாலும் எங்களுக்குக் கோவில்பட்டியை விட மனசில்லை. காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்பதோடு, தோற்ற இடத்திலேயே ஜெயிக்க வேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

தூக்குக்குண்டு

மே மாதக் கூட்டம் ஒரு உறுப்பினர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் நடந்தது. குழாயை நேராக நிறுத்துவது எப்படி என்று ரசமட்டம், முக்காலி, திருகாணி என்று பேசிக்கொண்டிருந்தோம். பூச்சு வேலையில் இருந்த கொத்தனார் அண்ணாச்சி கரண்டியை வைத்துவிட்டு வந்து கேட்டார்: "குழாய எதுக்கு நேரா நிறுத்துதீய? தூக்குக்குண்டு போட்டா அது தானா நேரா நிக்கும்லா?"

நூலுக்கு நிழல் ஏது, அது மெல்லிசாக மங்கிப் போகுமே என்றேன். பதில் சொல்லாமல் அவர் தகரக் கூரையைக் காட்டினார். ஆணி ஓட்டை வழியாகத் தரையில் வட்ட வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. அவர் சொல்ல வந்தது வெறும் ஓட்டையைத்தானா, அது சூரியனுடைய உருவம் என்பது அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது அது. கிரகணத்துக்கு ஊசித்துளைப் பெட்டி செய்து பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சங்கம் நாங்கள்.

முறை இப்படி அமைந்தது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு பலகையை வெளியே நீட்டி அதில் 5 மில்லிமீட்டர் துளை. துளையின் நடுவிலிருந்து மூன்று மீட்டர் கீழே தரைவரை தூக்குக்குண்டு. குண்டின் முனை தொடும் புள்ளியைக் குறித்துவிட்டு நூலை எடுத்துவிட வேண்டும். துளை வழியாகச் சூரியனின் உருவம் தரையில் விழும், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமாக. வட்டத்தின் ஓரம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மங்கலாக இருப்பதால் நடுவைக் குறிப்பது எளிது. பலகை சாய்ந்திருந்தாலும் கவலையில்லை. உயரம் மூன்று மடங்கு என்பதால் அளவும் மூன்று மடங்கு.

கடிகாரம் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை என்பதைப் பொறியியல் படிக்கும் ஒரு பெண்தான் கண்டுபிடித்தாள். 12.10 முதல் 12.30 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை வட்டத்தின் நடுவைக் குறித்தால் கிழக்கு மேற்காக ஒரு நேர்கோடு கிடைக்கும். குண்டு தொட்ட புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குள்ள மிகக் குறைந்த தூரமே தென்வடல் அளவு. திசைகாட்டியும் வேண்டாம். சரியாக 12.20-க்கு மேகம் மறைத்தாலும் மற்றப் புள்ளிகள் போதும். சங்க இலக்கியப் பாட்டு ஒன்றில் அரண்மனைக்குத் திசை குறிக்கும்போது இரண்டு கோல் நட்டு நண்பகல் நிழலைப் பார்த்துத்தான் நூல் பிடிக்கிறார்கள். நாங்கள் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து சேர்ந்தோம்.

ஆகஸ்ட் 30

சனிக்கிழமை. ஆவணி பிறந்து இரண்டு வாரமாகியும் ஆடிக் காற்று ஓயவில்லை. கோவில்பட்டிக் குழு போகிற வழியில் கயத்தாறு காற்றாலைகள் எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன என்று படம் அனுப்பினார்கள், எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. காற்றில் குண்டு ஊசலாடினால் புள்ளி எங்கே வைப்பது? கொத்தனார் வாளித் தண்ணீருக்குள் குண்டை இறக்கச் சொன்னார், ஆட்டம் அடங்கியது. ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் முனையைத் தரையில் குறிப்பது எப்படி? நூலை இரண்டு பக்கமிருந்து ஸ்கேலோடு ஒட்டிப் பார்த்து நீட்டிக் கோடு போட்டோம், கோடுகள் வெட்டுகிற இடம் புள்ளி. இதற்கு மட்டும் அரை மணி நேரம்.

மேகம் விட்டு விட்டு வந்தது. பாளையங்கோட்டையில் பதினொரு புள்ளிகளில் நாலு போயிற்று, உச்சி வேளைப் புள்ளியும் அதில் ஒன்று. மிச்சம் ஏழும் ஒரே கோட்டில் நின்றன. ஏப்ரலில் இப்படி மறைத்திருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும்.

இங்கே தெற்கே 8 மில்லிமீட்டர். கோவில்பட்டியில் வடக்கே 15. அன்று சூரியன் இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கோ உச்சியில் நின்றதால் ஒரு ஊரில் தெற்கும் மற்றதில் வடக்கும் வந்தது. ஒருவர் கழித்துவிட்டார், கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். 23. மூன்று மீட்டருக்கு 23 மில்லிமீட்டர் என்றால் 0.44 டிகிரி. 50 கிலோமீட்டருக்கு அவ்வளவு என்றால் முழு வட்டத்துக்கு 41,000 கிலோமீட்டர்.

ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய அளந்திருந்தால் விடை 1,700 கிலோமீட்டருக்கு மேல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்திருக்கும். ஆகவே 41,000 வந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 24 அளந்திருந்தால் 39,000 வந்திருக்கும், அதற்கும் சந்தோஷப்பட்டிருப்போம். ஏப்ரலில் 29,000-க்கும் 78,000-க்கும் நடுவே எதுவும் சொல்ல முடியாமல் நின்றோம். இப்போது தவறு எந்த அளவுக்குள் இருக்கும் என்றாவது சொல்ல முடிகிறது.

கூட்டம்? ஏப்ரலில் வந்ததில் கால்வாசிகூட இல்லை. தரையில் சாக்பீஸ் புள்ளி வைப்பதை யார் வெயிலில் நின்று பார்ப்பார்கள்? அடுத்த வாரமே, செப்டம்பர் 7 இரவு, முழுச் சந்திர கிரகணம். 11 மணி முதல் 12.22 வரை நிலா செம்பு நிறத்தில் நிற்கும் என்று சொல்லியிருந்ததால் எல்லாரும் அதைத்தான் விசாரித்தார்கள். அந்த வாசல் பாட்டி மட்டும் ஆகஸ்டிலும் வந்தார். பேத்தி புள்ளி வைக்கும்போது குடை பிடித்துக்கொண்டு நின்றார், சூரிய வட்டத்தின் மேலேயே இரண்டு தடவை குடையை நீட்டினார்.

அடுத்த முறை மூன்று மீட்டரை ஆறாக்கலாமா, அல்லது சென்னையில் ஆள் பிடிக்கலாமா என்று இன்னும் முடிவாகவில்லை. என் ஓட்டு ஆறு மீட்டருக்கு. பள்ளியின் இரண்டாவது மாடிக்கு அனுமதி கேட்டிருக்கிறோம். தூக்குக்குண்டைத் திங்கட்கிழமை வேலைக்கு வேண்டுமென்று கொத்தனார் அண்ணாச்சி வாங்கிக்கொண்டு போய்விட்டார். சங்கத்துக்கென்று ஒன்று வாங்க வேண்டும்.